பத்தாயத்துல கெடக்குற மாடு

சம்பா அறுத்து நெல்லு மொத்தமும் கொள்முதல் நிலையத்துக்குப் போயிடுச்சு. ஆனா இந்த வருஷம் எங்க வீட்டுப் பத்தாயம் காலியா இல்ல. உள்ள 143 புத்தகம் கெடக்கு. நான் எழுதின "வடிகால்" நாவல்தான். எலி போகாத ஒரே எடம் அதுதான்னு எங்க வீட்டம்மா சொன்னாங்க. நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மேல பலகைய மூடி வச்சிருக்கோம். எங்க தாத்தா காலத்துல 60 கலம் நெல்லு கொட்டுன பத்தாயம் அது.

நாவல் என்னாச்சு, எவ்வளவு செலவாச்சு, நாங்களும் போடலாமான்னு பல பேரு கேட்டிருந்தீங்க. நடவு, களையெடுப்பு, நவம்பர் மழையில நின்ன தண்ணிய வடிய வைக்கிறது, அறுப்புன்னு நாலு மாசம் ஓடிப்போச்சு. இப்பதான் உக்காந்து எழுத முடியுது. கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியக்காலம் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. எங்க பக்கம் தென்னை வச்சிருந்தவங்களுக்கு அதுக்கப்புறம் காலமே ரெண்டாப் போச்சு, கஜாவுக்கு முன்னாடி, கஜாவுக்குப் பின்னாடின்னு. சாஞ்ச மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே மாசக்கணக்காச்சு. கரண்ட் இல்லாத ராத்திரியில அரிக்கேன் வெளிச்சத்துல 40 பக்க நோட்டு ஒண்ணுல எழுத ஆரம்பிச்சேன். வயலுக்கு நடுவுல போற ஒரு வடிகாலுக்காக அண்ணன் தம்பி ரெண்டு பேரு கோர்ட்டு வரைக்கும் போன கதை. அஞ்சு வருஷத்துல 11 நோட்டு ஆச்சு. கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. எங்க அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கிட்டதே இல்ல. அப்பா போயி ஒன்பது வருஷமாச்சு. சித்தப்பா பக்கத்து வீட்டுலதான் இருக்காரு, நடுவுல ஒரு சுவருதான். எங்க வீட்டு வாசப்படிய அவர் மிதிச்சு 22 வருஷம்.

முதல்ல ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். 14 மாசம் பதிலே இல்ல. வேணும்னோ வேணாம்னோ ஒரு வார்த்தை வந்திருந்தாலும் போதும். இன்னொரு எடத்துலேர்ந்து மூணாம் நாளே போன் வந்துச்சு. "சார், அருமையான நாவல், 85,000 கட்டினீங்கன்னா 500 பிரதி போடுறோம், உங்களுக்கு 50 தருவோம், மிச்சம் நாங்க விக்கிறோம்"னாங்க. நாவலைப் படிச்சீங்களான்னு கேட்டேன். "டீம் படிச்சிருக்காங்க சார்." கதையில எத்தனை அண்ணன் தம்பின்னு கேட்டேன். லைன் கட்டாயிடுச்சு.

சரி, நாமளே போட்டுடுவோம்னு முடிவு பண்ணினப்ப வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி, எத்தனை மூட்டை? எங்க வீட்டுல எந்தச் செலவையும் அவங்க ரூபாயில கேக்க மாட்டாங்க. இந்தப் பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், அது சாதா ரகம். சன்ன ரகம்னா 2,545. 40 கிலோ மூட்டைன்னா ஆயிரம் ரூபாய். நான் கணக்குப் போட்டு 50 மூட்டைன்னேன். கடைமடையில ஒரு ஏக்கர் கண்டுமுதல் அது. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தெக்கால ஒரு ஏக்கரு வெள்ளத்துல போச்சுன்னு நெனச்சுக்குவோம்"னாங்க. இதை ஆதரவா எடுத்துக்கிறதா என்னன்னு எனக்கு இன்னும் தெரியல.

ரெண்டு ஆட்டுக்கிடா வித்த காசு, உளுந்து வித்ததுல மிச்சம், ரெண்டும் சேத்து 20,000 சொச்சம் இருந்துச்சு. மிச்சம் 30,000-த்தை அவங்க மகளிர் குழுவுல கடன் வாங்கினாங்க. எதுக்குன்னு கேட்டதுக்குக் கறவை மாடுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நாவல்னு எழுதினா எந்தக் குழுவுல குடுப்பாங்க, சொல்லுங்க. இந்த மாட்டுக்கு அப்புறம் வர்றேன்.

அச்சு வேலைன்னா பேப்பரும் மையும்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அதுக்கு முன்னாடியே பாதி உசுரு போயிடும். நோட்டுல இருந்ததைப் போன்ல ஏத்தணும். என் வேகத்துக்கு ஒவ்வொரு எழுத்தா தட்டினா அடுத்த கஜாவே வந்துடும். அதனால வாயால சொன்னா எழுதுற வசதியில சொன்னேன். மோட்டார் கொட்டகையில உக்காந்து சத்தமாப் படிப்பேன், போன் எழுதிக்கும். நாத்தங்கால்னு சொன்னா நாத்தனார் கால்னு எழுதுச்சு. முதல் அத்தியாயம் முழுக்க எங்க அப்பா விடியக்காலம் எந்திரிச்சு நாத்தனார் காலுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தாரு. மச்சான் மக காலேஜ் லீவுல வந்து உக்காந்து எல்லாத்தையும் திருத்திக் குடுத்தா. அவ இல்லன்னா புத்தகமே இல்ல.

அடுத்தது எழுத்துரு. போன்ல இருக்குறது யூனிகோட். நாங்க குடுத்த எடத்துல பக்கம் வடிவமைக்கிறவர் பழைய எழுத்துருவுலதான் வேலை பாக்குறாரு. மாத்தினா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்குது. கௌரவம்ங்கிற வார்த்தையில ஔகாரக் குறி போயி அந்த எடத்துல 'ள' வந்து உக்காந்துக்கிச்சு. எங்க கதையில கௌரவம்தான் எல்லாத்துக்கும் காரணம், பக்கத்துக்கு ரெண்டு தடவ வரும். மேற்கோள் குறி எல்லாம் கேள்விக்குறி ஆயிடுச்சு. அண்ணனும் தம்பியும் பேசுற எல்லாமே கேள்வியாத் தெரிஞ்சுது. புத்தகம் போட நெனக்கிறவங்க முதல்லயே கேட்டுக்கங்க, யூனிகோட்லயே வடிவமைப்பீங்களா, மாத்துவீங்களான்னு. மாத்துவோம்னா, கூட ஒரு மாசம் கணக்குல வச்சுக்கங்க.

பிழை பாக்க ஒரு ஓய்வுபெற்ற தமிழ் ஐயாகிட்ட குடுத்தேன். வெளியூர்க்காரர். நல்ல மனுஷன், ஒற்றுப்பிழை ஒண்ணு விட மாட்டாரு, அந்த வகையில எனக்கு ரொம்ப உதவி. ஆனா எங்க ஊர்ப் பேச்சு வர்ற எடத்துலெல்லாம் சிவப்பு மை. "கெடக்கு" எல்லாம் "கிடக்கிறது" ஆயிடுச்சு. கண்டுமுதலுக்கு நடுவுல கமா போட்டு "கண்டு, முதல்"னு பிரிச்சுட்டாரு. ஒரு எடத்துல, "கருக்கல்ல போயி அண்டை வெட்டிட்டு வந்து கஞ்சி குடிச்சான்"னு எழுதியிருந்தேன். அதை வட்டம் போட்டு ஓரத்துல "யாரை வெட்டினான்? கொலைக்குப் பின் கஞ்சி குடிப்பது பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை"ன்னு எழுதியிருந்தாரு. வரப்போட பக்கவாட்டுல மண்வெட்டியால புல்லைச் செத்தி ஒழுங்கு பண்றதுதான் அண்டை வெட்டுறது. எங்க பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

சிரிச்சுட்டு விட்டுடலாம்தான். ஆனா அந்தச் சிவப்பு மைய எல்லாம் ஒத்துக்கிட்டா, எங்க ஆத்தா பேசுன ஒரு வார்த்தையும் மிஞ்சாது. இப்ப வரப்புல புல்லுக்கு மருந்து அடிச்சுடறாங்க. அண்டை வெட்டுற ஆளே கொறஞ்சு போச்சு. வேலை போனா வார்த்தையும் சேந்து போயிடும். கி.ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொல்லுக்கெல்லாம் தனியா ஒரு அகராதியே போட்டாரு. எங்க கடைமடைச் சொல்லுக்கு அப்படி ஒருத்தர் உக்காந்து பண்ணினாரான்னா, என் கண்ணுல படல. ஐயாகிட்ட நேர்ல போயி ஒவ்வொரு வார்த்தையா விளக்கினேன். ரெண்டு சாயங்காலம் ஆச்சு. கடைசியில, "அப்ப பேச்சுல இருக்கட்டும், ஒற்று மட்டும் நான் சொன்னபடி இருக்கட்டும்"னு ராசியானோம். திருத்தக் கூலி வாங்கவே மாட்டேன்னாரு. வற்புறுத்தி 3,000 குடுத்தேன்.

எல்லாம் முடிஞ்சு பாத்தா 291 பக்கம். அச்சாபீஸ்ல பாரம் கணக்கு. டெம்மி அளவுல ஒரு பாரம் 16 பக்கம். 18 பாரம்னா 288 பக்கம். மூணு பக்கம் கூடினதுக்கு இன்னொரு பாரம் போடணும், இல்ல வெட்டணும். கதையில கை வைக்க மனசு வரல. என்னுரைய ஒரு பக்கமாக் கொறச்சேன். நன்றிப் பட்டியல்ல பாதிச் சொந்தக்காரங்க போயிட்டாங்க. அத்தை ஒருத்தங்க இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அவங்க சோறு போட்ட கதைய அடுத்த பதிப்புல சேப்பேன்னு சொன்னேன், அடுத்த பதிப்பு வருமான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

ஐ.எஸ்.பி.என். எண் வாங்கக் காசு கெடையாது. டெல்லியில ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்குற தேசிய முகமைதான் குடுக்குது. இணையத்துலயே விண்ணப்பிக்கலாம், எழுதினவங்களே வெளியிடுறதா இருந்தாலும் குடுக்குறாங்க. 978-ல ஆரம்பிக்கும் 13 இலக்கம். இதுக்கு 5,000 ஆகும்னு ஒரு ஏஜென்ட் என்கிட்ட சொன்னாரு. நம்பிடாதீங்க. எனக்குப் பிரச்சினை சிக்னல்தான். ஓ.டி.பி. வர்றப்ப நான் வயல்ல இருப்பேன், வீட்டுக்கு ஓடியாந்து போடுறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருக்கும். கடைசியில தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு வாங்கின நம்பர் அது. பின்னட்டையில அந்தப் பட்டைக்கோட்டைப் பாக்குறப்பல்லாம் எனக்குத் தண்ணித் தொட்டிதான் ஞாபகம் வருது.

பல பேருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். 1954-லேயே புத்தக ஒப்படைப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டிருக்காங்க. எந்தப் புத்தகம் வெளியிட்டாலும் 30 நாளைக்குள்ள நம்ம செலவுல கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒண்ணு, சென்னை கன்னிமாராவுக்கு ஒண்ணு, மும்பைக்கு ஒண்ணு, டெல்லிக்கு ஒண்ணு அனுப்பணும். நாலு புத்தகம் சும்மா போகுதேன்னு வீட்டம்மா சொன்னாங்க. எனக்கு என்னமோ அந்த நாலு பொட்டலம் கட்டுறப்பதான் புத்தகம் போட்டிருக்கோம்னு தோணுச்சு. எங்க ஊருக்கு பஸ்ஸே ஒரு நாளைக்கு மூணு தடவதான் வருது. எங்க ஊர் வாய்க்கா பேரு போட்ட புத்தகம் கன்னிமாராவுல ஒரு அலமாரியில நிக்கும். அது நாலு பிரதிக்கு மேலயே தகும்.

இனி காசுக் கணக்கு. 300 பிரதி அச்சடிக்க 36,000. பக்க வடிவமைப்பு 7,200. பிழை பாக்க 3,000. அட்டை 3,000. லாரி வாடகை, ஏத்துக்கூலி 1,300. மொத்தம் 50,500. ஒரு புத்தகத்துக்கு அடக்கம் 168 ரூபாய். விலை 320-ன்னு போட்டேன். இந்த 320-ங்கிற எண்ணை அட்டையில போடச் சொன்னப்ப எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. 30 வருஷமா விவசாயம் பாக்குறேன், என் பொருளுக்கு நான் விலை சொன்னதே இல்ல. நெல்லுக்கு அவங்க சொல்லுவாங்க, 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னா காயவச்சு எடுத்தாங்கம்பாங்க. உளுந்துக்கு வியாபாரி சொல்லுவாரு. தேங்காய்க்கும் அப்படித்தான். முதல் முறையா நானே விலை போட்ட பொருள் இதுதான்.

அந்தச் சந்தோஷம் புத்தகக் கடைக்குப் போற வரைக்கும்தான். கடைக்கு 40 சதவீதம் கழிவு. 320-ல 128 போனா 192. அடக்கம் 168 போனா 24 ரூபாய். அதுவும் வித்த பிறகு, அவங்க கணக்கு முடிக்கிறப்ப. ஜூன் 12-ல மேட்டூரைத் திறந்தாலும் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர எத்தனை நாளாகும்னு நாங்க வருஷா வருஷம் பாக்குறோம். முறை வச்சு, மேல உள்ளவங்க எடுத்தது போக வர்றதுதான் நமக்கு. புத்தகத்துலயும் எழுதுறவன் கடைமடைதான். கடைக்காரங்களைக் குத்தம் சொல்லல, அவங்களுக்கு வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் இருக்கு. ஆனா கணக்கு இதுதான்.

தபால் இன்னொரு தலைவலி. பதிவுப் புத்தக அஞ்சல்னு மலிவா ஒண்ணு இருந்துச்சு, 2024 டிசம்பரோட அது நின்னுபோச்சு. 2025 மே மாசத்துலேர்ந்து கியான் போஸ்ட்னு ஒண்ணு வந்திருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய்லேர்ந்து ஆரம்பம். என் புத்தகம் 325 கிராம். அந்த 25 கிராமை எங்க போயிக் கொறைக்கிறது! நன்றிப் பட்டியலை மொத்தமா எடுத்திருந்தாலும் கொறஞ்சிருக்காது.

முன்பதிவுன்னு கேட்டதுல 62 பேரு அச்சுக்கு முன்னாடியே பணம் அனுப்பினாங்க. உங்கள்ல பாதிப் பேரு அதுல இருக்கீங்க. உ.வே.சாமிநாதையர் 1887-ல சீவக சிந்தாமணியப் பதிப்பிச்சப்பவே இப்படி முன்கூட்டிக் கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளிச்சாரு. சி.சு.செல்லப்பா புத்தகக் கட்டைச் சுமந்துக்கிட்டுக் கல்லூரி கல்லூரியாப் போனவர். "சுதந்திர தாகம்" நாவலை 1997-ல மூணு பாகமா அவரே வெளியிட்டாரு. அதுக்குச் சாகித்ய அகாடமி விருது 2001-ல வந்தப்ப அவரு இல்ல. இவங்களோட என்னை வச்சுப் பேசல. கட்டு தூக்குறது புதுசு இல்லன்னு தெரிஞ்சா தோளு கொஞ்சம் லேசாகுது, அவ்வளவுதான்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில. பொங்கலும் அறுப்பு வேலையும் அப்பதான். நான் போகல. தெரிஞ்சவரு அரங்குல 20 பிரதி வச்சாரு, தஞ்சாவூர்க் கடையில 20. ஊர்ல விக்கிறதுதான் கஷ்டம். "நம்ம ஊரு புள்ள எழுதுனது, இதுக்குக் காசா?"ம்பாங்க. 22 புத்தகம் அப்படியே போச்சு. டீக்கடையில ஒரு பிரதியக் கயிறு கட்டித் தொங்க விட்டிருக்காரு, தினத்தந்தி பக்கத்துல. அட்டையில டீ வட்டம் மூணு. ஆனா அங்க வர்றவங்க தெனம் ரெண்டு பக்கம் படிச்சுட்டு, "இது இன்னாருதானே"ன்னு ஆள் கண்டுபிடிக்கிறாங்க. எல்லாத்தையும் தப்பாத்தான் கண்டுபிடிக்கிறாங்க, அது எனக்கு வசதி.

பிப்ரவரியில குழுத் தலைவி அக்காவும் இன்னும் மூணு பேரும் கடன்ல வாங்கின மாட்டைப் பாக்க வந்துட்டாங்க. கொட்டகையில பழைய மாடு ஒண்ணுதான் நிக்குது. எங்க புது மாடுன்னு கேட்டாங்க. நான் வைக்கப்போர் பக்கமா நகந்துட்டேன். வீட்டம்மா கொஞ்சமும் அசராம, "பத்தாயத்துக்குள்ள கெடக்கு, வந்து பாருங்க"ன்னாங்க. ஏணி போட்டு எட்டிப் பாத்தாங்க. அக்கா ஒரு புத்தகத்தை எடுத்துப் பொரட்டிட்டு, "இது எத்தனை லிட்டரு கறக்கும்?"னு கேட்டாங்க. "இன்னும் சினைதான்"னாங்க எங்க வீட்டம்மா. சிரிச்சு ஓஞ்ச பிறகு நாலு பேரும் ஆளுக்கொண்ணு காசு குடுத்து வாங்கிட்டுப் போனாங்க. தவணை மட்டும் தேதி தவறக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. இதுவரைக்கும் தவறல.

சித்தப்பா விஷயத்துக்கு வர்றேன். இதுதான் எழுத யோசனையா இருந்துச்சு.

டிசம்பர்ல புத்தகம் வந்த வாரம், அவர் பேத்தி, எட்டாவது படிக்கிறா, வாசல்ல வந்து நின்னா. கையில சரியா 320 ரூபாய். "ஒரு புக்கு வேணும் பெரியப்பா"ன்னா. யாரு குடுத்துவிட்டான்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. சித்தப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அன்னைக்கு ராத்திரிலேர்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் அவ வாசிக்கிற சத்தம் கேட்டுச்சு. தெனம் ஏழு, எட்டுப் பக்கம். நாங்க இந்தப் பக்கம் டிவிய அமத்திட்டு உக்காந்திருப்போம். "அண்டை வெட்டி"ன்னு வாசிச்சுட்டு, "அப்படின்னா என்னா தாத்தா?"ன்னா. சித்தப்பா விளக்குறாரு, எந்த மண்வெட்டி, எப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும், புல்லை வேரோட எப்படிப் பேக்கணும்னு, பத்து நிமிஷம். கோர்ட்டு வர்ற அத்தியாயத்துக்கு அப்புறம் ரெண்டு நாள் சத்தமே இல்ல. எனக்குச் சோறு எறங்கல. வீட்டம்மா, "எழுதுனது எழுதியாச்சு, சாப்பிடுங்க"ன்னாங்க. மூணாம் நாள் மறுபடி வாசிப்புக் கேட்டுச்சு.

முடிச்ச மறுநாள் காலையில சித்தப்பா வந்தாரு. வாசப்படிக்கு வெளியிலயே நின்னாரு. வாங்க சித்தப்பான்னேன். உள்ள வரல.

"ஏன்டா தம்பி, வடிகாலு நம்ம கொல்லைக்கு மேக்காலதான ஓடுது? கெழக்காலன்னு எழுதியிருக்கே."

"கதைதானே சித்தப்பா. அப்படியே எழுத வேணாம்னுதான் மாத்தி வச்சேன்."

"கெழக்கால மேடுல்ல? தண்ணி எப்புடிறா வடியும்?"

நான் ஒண்ணும் சொல்லல. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வடிகால் இருக்குற பக்கமாப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"அந்த மடைக்கிட்ட நின்னு அண்ணங்காரன் பேசுறான்னு எழுதியிருக்கியே. உங்கப்பன் அம்புட்டுப் பேச்சு பேசுற ஆளு இல்லடா. பேசியிருந்தா இம்புட்டு வந்திருக்காது."

வீட்டம்மா காப்பி எடுத்தாந்தாங்க. வேணாம்னு கையால காட்டிட்டுப் போயிட்டாரு. கோவமா இல்லையான்னு அந்த முகத்துல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல.

போன வாரம் பேத்தி மறுபடி வந்தா. சம்பந்தி வீட்டுக்கு ரெண்டு புத்தகம் வேணுமாம், காசு உளுந்து எடுத்துப் போட்டதும் தர்றாராம். பத்தாயத்துலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். எங்க வீட்டம்மா கடன் நோட்டை எடுத்து, 22 வருஷமா எழுதாத அந்தப் பேரை மேல எழுதி, கீழ "புத்தகம் 2, ரூ.640, உளுந்துக்கு"ன்னு குறிச்சு வச்சிருக்காங்க.